1942 எப்படி ஒன்று ஆனது?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து கண் அசந்த நேரம். தமிழையாவிடமிருந்து போன்.

"தம்பி, வெள்ளையனே வெளியேறு இயக்கம் எந்த வருஷம்?"

"1942 ஐயா."

"உங்க புத்தகத்துல ஒண்ணுன்னு போட்டிருக்கே."

அவர் சொன்னது உண்மைதான். தென்காசிப் பக்கம் ஒரு கோச்சிங் சென்டருக்கு நான் நிரல் எழுதிக் கொடுத்த வினா வங்கியிலிருந்து அச்சுக்குப் போன புத்தகம் அது. 84ஆம் பக்கத்தில் விடை விளக்கம் இப்படித் தொடங்கியது: "1. பம்பாயில் கூடிய காங்கிரஸ் குழு தீர்மானம் நிறைவேற்றியது." ஐயா தட்டியது "1942. பம்பாயில் கூடிய..." என்று. அவருடைய திரையில், முன்னோட்டத்தில் 1942 என்றுதான் தெரிந்தது. மாணவர்களின் போனிலும் 1942தான். அச்சில் மட்டும் ஒன்று.

எண்ணூறு பிரதிகள் அடித்தாயிற்று. பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுச்சீட்டு அடித்து உள்ளே செருகினோம். அந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். அப்போதுதான் ஆறு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வேலையைக் கையில் எடுத்தேன். ஒரே உரையை எங்கே காட்டினாலும் ஒரே மாதிரி காட்டும் மார்க்டவுன் மாற்றி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மார்க்டவுன் என்பது சாதாரண உரையிலேயே சின்னச் சின்னக் குறிகளை வைத்து வடிவம் சொல்லும் முறை. இரண்டு பக்கமும் இரட்டை நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து, வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் போட்டால் எண்ணிட்ட பட்டியல். இதை வலைப்பக்கங்களின் மொழியான எச்.டி.எம்.எல் ஆக்கித் தருவதுதான் மாற்றியின் வேலை.

எங்கள் வினா வங்கியில் மூன்று மாற்றிகள் இருந்தன. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு மூன்று வைக்கவில்லை. முதல் வருடம் வெறும் அச்சு மட்டும்தான். சர்வரில் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு பழைய மாற்றியைப் போட்டேன். 2004 காலத்துப் பெர்ல் மொழி நிரலை வரிக்கு வரி பெயர்த்து யாரோ எழுதியது, ஒரே கோப்பு, போட்டதும் ஓடியது. இரண்டாம் வருடம் ஆசிரியர்கள் "தட்டும்போதே பார்க்கணும்" என்றார்கள். பிரவுசரில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை, அதாவது யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரலை, சேர்த்தேன். மூன்றாம் வருடம் ஆண்ட்ராய்டு ஆப் வந்தது. அதை எழுதிய நண்பர் அவருக்குப் பிடித்த ஜாவா லைப்ரரியைப் போட்டுக்கொண்டார். மூன்று பேர் பந்தி பரிமாறினால் ஒருவர் சாம்பாரும் இன்னொருவர் ரசமும் ஊற்றத்தானே செய்வார்கள்?

1942 விஷயத்துக்கு வருகிறேன். வரியின் தொடக்கத்தில் எண், புள்ளி, இடைவெளி வந்தால் மார்க்டவுனுக்கு அது பட்டியல். மூல மார்க்டவுன், எண் என்னவாக இருந்தாலும் கண்டுகொள்ளாது. பட்டியல் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். பின்னால் வந்த காமன்மார்க் என்ற வரையறை முதல் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆக, பிரவுசரும் போனும் "1942இல் தொடங்கும் பட்டியல்" என்று புரிந்துகொண்டு 1942 என்று காட்டின. பார்ப்பவர் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பழைய மாற்றி "ஒரு பட்டியல்" என்று மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்று என்று போட்டது. மூன்றுமே ஐயா எழுதியதைத் தப்பாகத்தான் படித்திருக்கின்றன. இரண்டின் தப்பு மட்டும் வெளியே தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மார்க்டவுனை உருவாக்கிய ஜான் க்ரூபர் 2004இல் எழுதிய விளக்கத்திலேயே இந்தப் பொறியைச் சொல்லியிருக்கிறார். 1986 என்ற ஆண்டில் தொடங்கும் ஒரு வரியை உதாரணம் காட்டி, புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு (\) போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். ஐயாவிடம் பின்சாய்வுக்கோடு போடச் சொல்லிப் பாருங்கள். "அது எதுக்குப்பா, வருஷத்துக்குப் பின்னாடி சாய்ஞ்சுக்கிட்டு நிக்குது?" என்பார்.

க்ரூபர் எழுதியது சூத்திரம் மாதிரி. சுருக்கமாக, அழகாக, பல இடங்களில் இரண்டு மூன்று பொருள் கொள்ளும்படி. அதோடு ஒரு பெர்ல் நிரலும் தந்தார். அதன் 1.0.1 பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது, அதற்குமேல் முறையான பதிப்பு வரவில்லை. சூத்திரம் இருந்து உரை இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆளுக்கொரு உரை எழுதுவார்கள். எழுதினார்கள். பைத்தானில், ரூபியில், பி.எச்.பி-யில், ஜாவாஸ்கிரிப்டில் என்று டஜன் கணக்கில் மாற்றிகள். ஒரே உரையைப் பல மாற்றிகளில் ஓட்டி விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதற்கென்றே பேபல்மார்க் என்று ஒரு கருவி இருக்கிறது. என் வாழ்க்கையில் பல இரவுகளை அதில் கழித்திருக்கிறேன்.

2014 செப்டம்பரில்தான் ஜான் மெக்ஃபார்லேன், ஜெஃப் அட்வுட் முதலானோர் ஒரு முழு வரையறையை வெளியிட்டார்கள். முதலில் "ஸ்டாண்டர்ட் மார்க்டவுன்" என்று பெயர் வைத்தார்கள். க்ரூபருக்கு அது பிடிக்கவில்லை. பெயர் மாறிக் கடைசியில் காமன்மார்க் ஆனது. மெக்ஃபார்லேன் பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர். பாண்டாக் என்ற பெரிய மாற்றியை எழுதியவரும் அவர்தான். தத்துவக்காரர் உரை எழுதினால் எப்படி இருக்கும் என்பதை அந்த வரையறையைப் படித்தால் தெரியும். தடிப்புக்கும் சாய்வுக்கும் மட்டும் 17 விதிகள். அறுநூறுக்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகள். ஒவ்வொன்றிலும் "இந்த உரை வந்தால் இந்த எச்.டி.எம்.எல் வரவேண்டும்" என்று எழுத்துக்கு எழுத்து இருக்கிறது. அந்த எடுத்துக்காட்டுகளையே சோதனையாக ஓட்டி ஒரு மாற்றி தேறுமா தேறாதா என்று பார்த்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அவசரப்பட்டு மார்க்டவுனிலேயே நிற்கவில்லை, வேறு வழிகளையும் பார்த்தேன். டெக்ஸ்டைல், ஆஸ்கிடாக் என்ற வேறு குறிமுறைகள் இரண்டும் 2002இலிருந்து இருக்கின்றன. ஆசிரியர்கள் யாருக்கும் தெரியாது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகிய பொருளாதார ஆசிரியர் ஒருவர் விக்கி நடையையே வைத்துக்கொள்ளலாமே என்றார். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாக்காரர்களே இரண்டு பகுப்பிகளை (குறிகளைப் படித்துப் பிரிக்கும் நிரல்களை) வைத்துக்கொண்டு பட்ட பாட்டை அவரிடம் சொன்னேன். பார்சாய்ட் என்ற ஒன்றை முதலில் ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, 2019இல் பி.எச்.பி-க்கு மாற்றினார்கள். மெக்ஃபார்லேனே 2022இல் ஜாட் என்று புதிதாக ஒன்றை வெளியிட்டார். படிக்க ஆசையாக இருந்தது. ஆனால் எனக்குப் பின்னால் இந்த நிரலைப் பார்க்கப் போகிறவரை நினைத்து விட்டுவிட்டேன். வேர்டு மாதிரி பொத்தானை அழுத்தித் தடிப்பாக்கும் எடிட்டர் வைக்கலாம் என்பதுதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஆனால் ஏழு ஆசிரியர்களில் நான்கு பேர் பஸ்ஸில் போகும்போது போனில் தட்டுகிறவர்கள். வாட்சப்பில் நட்சத்திரம் போட்டுத் தடிப்பாக்கத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு மார்க்டவுன் பாதி தெரிந்த மாதிரிதான். (வாட்சப்பில் ஒற்றை நட்சத்திரம் தடிப்பு, மார்க்டவுனில் அது சாய்வு. அந்தக் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

சரி, மார்க்டவுன்தான் என்று முடிவானது. எந்த மாற்றி?

இந்த இடத்தில் எல்லோரும் செய்வது, வேகத்தைப் பார்ப்பது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது. நான் எங்கள் வினாக்களைப் பார்த்தேன். பதினோராயிரத்துச் சொச்சம் வினாக்களையும் மூன்று மாற்றிகளிலும் ஓட்டி, வெற்று இடைவெளி மாதிரியான அற்ப வித்தியாசங்களைக் கழித்துவிட்டு, விடை ஒத்துப்போகாதவற்றை மட்டும் பிரித்தேன். இரண்டு மணி நேர வேலை. ஆறு வருடத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும். வந்து விழுந்ததைப் பார்த்து மலைத்துவிட்டேன்.

முதல் கூட்டம், நான்கு தெரிவு வினாக்கள். ஆசிரியர்கள் அ, ஆ, இ, ஈ என்று ஒவ்வொரு தெரிவையும் தனி வரியில் தட்டுவார்கள். மார்க்டவுனில் ஒரு முறை என்டர் தட்டினால் அது வெறும் இடைவெளிதான், வரி உடையாது. பிரவுசரில் இருந்த லைப்ரரியில் "என்டர் தட்டினால் வரியை உடை" என்ற அமைப்பை நான் எப்போதோ போட்டுவைத்திருந்தேன், சர்வரில் போடவில்லை. அச்சகத்தில் நான்கு தெரிவுகளும் ஒரே வரியில் ஓடியதால், அங்கே பக்கம் அமைக்கும் அக்கா ஒவ்வொன்றையும் கையால் உடைத்துக்கொண்டிருந்தாராம். ஆறு வருடமாக! ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்க சிஸ்டம் அப்படித்தான் போலன்னு நினைச்சேன் சார்" என்றார். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பிலும் இதே இரட்டை வேடம் உண்டு. அங்கே உரையாடலில் தட்டினால் வரி உடையும். கோப்பாக வைத்தால் உடையாது. அவர்கள் தெரிந்தே செய்கிறார்கள். நான் தெரியாமல் செய்துவைத்திருந்தேன்.

இரண்டாவது, கோடிட்ட இடங்கள். தேர்வு வினா என்றால் கோடிட்ட இடம் இல்லாமல் இருக்குமா? "____ என்பவர் ____ ஆண்டில் பிறந்தார்." நான்கு அண்டர்ஸ்கோர். மார்க்டவுனில் இரட்டை அண்டர்ஸ்கோரும் தடிப்புக் குறிதான். பழைய மாற்றி முதல் கோட்டின் பாதியைத் தடிப்பின் தொடக்கமாகவும், இரண்டாம் கோட்டின் பாதியை முடிவாகவும் எடுத்துக்கொண்டு, நடுவில் இருந்த "என்பவர்" என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டது. கோடுகள் பாதியாகக் குட்டையாகின. காமன்மார்க் இங்கே பிழைத்துக்கொள்கிறது. குறிக்கு அடுத்து இடைவெளி வந்தால் அது தொடக்கக் குறி ஆகாது என்று ஒரு விதி. ஆனால் "____ஐ இயற்றியவர் (____)" என்று வேற்றுமை உருபை ஒட்டி எழுதி, அடுத்த கோட்டை அடைப்புக்குறிக்குள் வைத்தால் காமன்மார்க்கும் கவிழ்ந்துவிடும். நான் சோதித்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். நம் மொழிக்கே உரியது என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் சீன, ஜப்பானிய, கொரிய மொழிக்காரர்களும் இதே கல்லில்தான் இடறிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது.

**குறிப்பு:**விடைத்தாளில் பேனாவை மட்டும் பயன்படுத்தவும்.

மேலே இருப்பது வரலாற்று ஆசிரியர் தட்டியது, குறிகளோடு அப்படியே. முக்காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடும் பழக்கம் அவருக்கு இல்லை; நம்மில் பாதிப் பேருக்கு இல்லை. பழைய மாற்றி இதில் "குறிப்பு:" என்பதை ஒழுங்காகத் தடிப்பாக்கியது. காமன்மார்க்கைப் பின்பற்றும் மாற்றிகள் நட்சத்திரங்களை அப்படியே திரையில் கொட்டின. காரணம், அந்த 17 விதிகளில் ஒன்று. முடிவுக் குறிக்கு முன்னால் நிறுத்தற்குறி இருந்தால், பின்னால் இடைவெளியோ இன்னொரு நிறுத்தற்குறியோ இருக்க வேண்டும். எழுத்து வந்தால் அதை முடிவாக ஏற்காது. ஆங்கிலத்தில் நிறுத்தற்குறிக்குப் பின் இடைவெளி விட்டே தீருவார்கள், அங்கே விதி பொருந்துகிறது. நாமோ மேற்கோளுக்குள் ஒரு சொல்லைப் போட்டு, அதன் வாலில் "ஐ", "இல்", "ஆல்" என்று ஒட்டிவிடுகிறோம். ரூபாயின் சுருக்கத்தைப் புள்ளியோடு தடிப்பாக்கி, அடுத்து இடைவெளி இல்லாமல் 450 என்று தொகையை எழுதினாலும் இதே கதிதான்.

நிறுத்தற்குறி குறுக்கே வராவிட்டால் ஒட்டு எழுதுவதில் சிக்கலில்லை. "**வேற்றுமை**யை" என்று எழுதினால் காமன்மார்க் வேற்றுமையை மட்டும் தடிப்பாக்கி, யையை விட்டுவிடும், அழகாக. அதையே அண்டர்ஸ்கோரில் "_வேற்றுமை_யை" என்று எழுதினால் சாய்வு வராது. சொல்லுக்கு நடுவில் வரும் அண்டர்ஸ்கோரைக் குறியாகக் கொள்வதில்லை என்று வைத்திருக்கிறார்கள். நிரல் எழுதுகிறவர்கள் பெயர்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் போடுவார்கள் இல்லையா, அவர்களுக்காக. தமிழில் உருபு ஒட்டும்போது அந்த இடம் "சொல்லுக்கு நடு" ஆகிவிடுகிறது. ஆகவே எங்கள் சென்டரில் சட்டம்: தடிப்போ சாய்வோ, நட்சத்திரம் மட்டும்.

இவை தவிர உதிரிகள் நிறைய. கணக்கு ஆசிரியர் "5*6*7 = ?" என்று தட்டியது எல்லா மாற்றிகளிலும் 567 ஆகிவிட்டது, நடுவில் உள்ள ஆறு மட்டும் லேசாகச் சாய்ந்தபடி. மூன்றும் ஒரே மாதிரி தப்புச் செய்த அபூர்வ வினா அது. அவருக்குப் பெருக்கல் குறிக்கு ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தேன். எண்ணுக்குப் பின் புள்ளிக்குப் பதில் பிறை அடைப்பு போட்டால் காமன்மார்க்குக்கு அது பட்டியல், பழைய மாற்றிக்கு வெறும் உரை. ஹேஷ் (#) குறிக்கு அடுத்து இடைவெளி விடாமல் எழுதினால் பழையதற்குத் தலைப்பு, புதியதற்கு அல்ல. ஆங்கிலத் தாளில் தெரிவுகளை ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்தில் அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். பிரவுசர் லைப்ரரியில் "அழகான நிறுத்தற்குறிகள்" என்ற வசதியை ஒருநாள் இயக்கிப் பார்த்தேன். மூன்றாவது தெரிவு எல்லாவற்றிலும் © ஆகிவிட்டது. பதிப்புரிமைக் குறி! உடனே அணைத்துவிட்டேன்.

புள்ளி எழுத்துகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது மாற்றியின் தவறு அல்ல, மாற்றியோடு நாம் ஒட்டவைக்கும் சின்னச் சின்ன நிரல்களின் தவறு. தலைப்புகளுக்கு இணைப்பு முகவரி உண்டாக்குவதற்கு ஒரு துண்டு நிரல் வைத்திருந்தேன். "சொல்லுக்குரிய எழுத்துகள் தவிர மற்றதை நீக்கு" என்று ஒரு ரெஜெக்ஸ், அதாவது எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் ஒரு சூத்திரம். பைத்தானின் கணக்கில் க, ச, ட எல்லாம் எழுத்து. மெய்ப்புள்ளியும் கொம்பும் காலும் எழுத்தில் சேர்த்தி இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் அவை ஒட்டுக்குறிகள். விளைவு, "தமிழ் இலக்கணம்" என்ற தலைப்பின் முகவரி "தமழ-இலககணம" என்று வந்தது. தமிழையா கண்ணில் படுவதற்குள் திருத்திவிட்டேன். ஜாவாஸ்கிரிப்டில் அதே குறிக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அண்டர்ஸ்கோரும் மட்டும்தான் எழுத்து. அங்கே முகவரியில் எஞ்சியது அந்த நடு இடைக்கோடு ஒன்றுதான். இரண்டு பக்கமும் வெவ்வேறு மாதிரி தப்பு. எந்த லைப்ரரியை எடுத்தாலும் தமிழர்கள் இந்த ஒரு இடத்தைத் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. காமன்மார்க்கின் விதிகளில் இந்தக் கோளாறு இல்லை. அங்கே எழுத்து எது என்ற கேள்வியே எழுவதில்லை. இடைவெளி எது, நிறுத்தற்குறி எது என்று மட்டும் பார்க்கிறார்கள். மற்றதெல்லாம் மற்றது. எங்கள் மெய்ப்புள்ளி அங்கே பத்திரமாக இருக்கிறது.

இந்தக் குப்பையிலிருந்து அறுபது வினாக்களைப் பொறுக்கி எடுத்தேன். எங்கள் சென்டரின் அறுபது வம்புக்கார வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் எப்படித் தெரிய வேண்டும் என்று தமிழையாவை உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொண்டேன். காமன்மார்க் காரர்களின் அறுநூறு அவர்களுக்கு, எங்கள் அறுபது எங்களுக்கு. இரண்டிலும் தேறுகிற மாற்றி வேண்டும்.

பைத்தானில் மிகவும் பழகிய பெயர் பைத்தான்-மார்க்டவுன். நல்ல லைப்ரரி, நிறைய நீட்சிகள். ஆனால் அது க்ரூபரின் வழியைப் பின்பற்றுவது, காமன்மார்க் அல்ல என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். பட்டியலுக்குள் பட்டியல் வைக்க நான்கு இடைவெளி கேட்கும். பிரவுசர் லைப்ரரிகளுக்கு இரண்டு மூன்றே போதும். போனில் நான்கு இடைவெளியை எண்ணித் தட்டுகிற ஆசிரியரை நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.

முன்னோட்டத்துக்கும் சர்வரையே கேட்கலாம் என்பது இன்னொரு வழி. மாற்றி ஒன்றே ஒன்று, ஒத்துப்போகாமல் போக வாய்ப்பே இல்லை. கேட்க இனிமையாக இருக்கிறது. குற்றாலச் சாரல் காலத்தில் மலையடிவாரத்து ஊர்களில் சிக்னல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வர் போய் வந்தால் ஆசிரியர் போனைத் தூக்கி எறிந்துவிடுவார்.

கடைசியில் பிரவுசருக்கு மார்க்டவுன்-இட், சர்வருக்கு அதையே பைத்தானுக்குப் பெயர்த்த மார்க்டவுன்-இட்-பை என்று முடிவு செய்தேன். ஒரே மரத்தின் இரண்டு கிளைகள். விதிகளின் பெயர்கள்கூட ஒன்றே. "பொருத்துக" வினாக்களுக்கு அட்டவணை வேண்டும்; காமன்மார்க்கில் அட்டவணை கிடையாது. கிட்ஹப் 2017இல் தன் மார்க்டவுனைக் காமன்மார்க்கின்மேல் கட்டி வரையறையாக வெளியிட்டபோது சேர்த்த அட்டவணை நடை இரண்டிலும் இருக்கிறது. நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் 2020இல் காமன்மார்க்குக்கு மாறியது. பிரவுசரில் மார்க்டவுன்-இட் போட்டார்கள், சர்வரில் வேறு மொழியில் எழுதிய இன்னொன்று. வரையறை ஒன்றாக இருந்ததால் சமாளித்தார்கள். ஆண்ட்ராய்டில் மாற்றியையே எடுத்துவிடச் சொன்னேன். சேமிக்கும்போதே சர்வர் உண்டாக்கும் எச்.டி.எம்.எல்-ஐ ஆப் அப்படியே வாங்கிக் காட்டும். நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம். ரசித்துச் செய்த பகுதியாம். ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

ஒரே மரம் என்று நம்பி நானும் ஒரு நாள் ஏமாந்தேன். இரண்டையும் எந்த அமைப்பும் கொடுக்காமல் தொடங்கினால் அவை ஒன்றல்ல. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்பில் அட்டவணை உண்டு, உரைக்குள் எழுதிய எச்.டி.எம்.எல் செல்லாது. பைத்தான் பக்கம் தானாக எடுத்துக்கொள்வது கறாரான காமன்மார்க் அமைப்பு. அதில் அட்டவணை கிடையாது, எச்.டி.எம்.எல் செல்லும். முன்னோட்டத்தில் அட்டவணை நிற்கிறது, சேமித்தால் குறுக்குக் கோடுகளாகச் சிதறுகிறது. அதைவிட மோசம் இரண்டாவது. கணக்கு வினா ஒன்றில் ஆங்கில ஏ, பி, சி மூன்றுக்கும் நடுவில் சிறியது, பெரியது குறிகளை இடைவெளி விடாமல் போட்டிருந்தார்கள். நடுவில் இருந்த பி எச்.டி.எம்.எல்-இன் தடிப்புக் குறியாகி மறைந்து, வினாவின் மிச்சம் முழுக்கக் கொட்டை எழுத்தில் வந்தது. தடிப்புக் குறி உள்ளே போக முடிகிறது என்றால் ஸ்கிரிப்டும் (படிப்பவர் பிரவுசரில் தானாக ஓடும் நிரல்) போக முடியும். மூன்றாம் நபர்கள் எழுதக்கூடிய தளமாக இருந்தால் விபரீதம். அமைப்புகளை ஒரே கோப்பில் எழுதி, இரண்டு பக்கமும் அதையே படிக்கும்படி செய்தேன். வரி உடைப்பதா, எச்.டி.எம்.எல் செல்லுமா, அட்டவணை உண்டா, எல்லாம் அங்கே. சர்வரில் மாற்றிய பிறகு அனுமதித்த குறிகள் தவிர மற்றதை உதிர்த்துவிடும் சல்லடை ஒன்றும் வைத்தேன். சல்லடை கடைசியில்தான் இருக்க வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் சலித்தால், மாற்றியே உண்டாக்கும் இணைப்புகளுக்குள் ஒளிந்து வருவது தப்பிவிடும்.

அண்டர்ஸ்கோர் கோடுகளுக்கு மாற்றியில் தனி விதி எழுதலாம் என்று கை பரபரத்தது. எழுதினால் இரண்டு மொழியிலும் எழுத வேண்டும், இரண்டையும் காலம் முழுக்க ஒத்துப்போக வைக்க வேண்டும். எதிலிருந்து தப்பி ஓடினேனோ அதிலேயே போய் விழுவேன். அதற்குப் பதில், தட்டும் பெட்டியிலேயே மூன்றுக்கு மேல் அண்டர்ஸ்கோர் சேர்ந்தால் புள்ளிக்கோடாக மாற்றிவிடுகிறேன். பழைய வினாத்தாள்களில் கோடிட்ட இடமெல்லாம் புள்ளிக்கோடாகத்தானே இருக்கும்? யாரும் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. முக்காற்புள்ளிச் சிக்கலுக்கும் அதே வைத்தியம்: தடிப்புப் பொத்தானை அழுத்தினால் கடைசியில் இருக்கும் நிறுத்தற்குறியை வெளியே தள்ளிவிட்டு நட்சத்திரத்தைப் போடும். கையால் நட்சத்திரம் தட்டுகிறவர்களுக்கு முன்னோட்டத்தில் நட்சத்திரம் தெரியும், அவர்களே திருத்திக்கொள்வார்கள். இப்போது முன்னோட்டத்தில் தெரிவதுதான் அச்சிலும் வரும் என்பதால் அந்த அளவு போதுமானது.

பழைய பதினோராயிரத்தை மாற்றுவதுதான் அலுப்பான வேலை. ஒத்துப்போகாத வினாக்களில் முக்கால்வாசியை நிரலே திருத்திவிட்டது. மிச்சம் நானூறு சொச்சத்தை ஆசிரியர்களும் நானும் மூன்று சனிக்கிழமைகளில் உட்கார்ந்து பார்த்தோம். ஒவ்வொரு வினாவுடனும் மூல உரை, உண்டான எச்.டி.எம்.எல், எந்தப் பதிப்பு மாற்றி உண்டாக்கியது என்ற மூன்றும் சேமிப்பில் இருக்கின்றன. லைப்ரரியின் பதிப்பு எண்ணைப் பூட்டி வைத்திருக்கிறேன். புதுப் பதிப்பு வந்தால் முதலில் அறுபது வம்புக்காரர்களும் ஓடுவார்கள், அப்புறம் எல்லாவற்றையும் ஓட்டி வித்தியாசம் பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் பூட்டைத் திறப்பது. ஒரு தடவை அப்படி ஓட்டியதில் எதுவுமே மாறவில்லை. சந்தேகம் வந்து, நிரல் ஓடியதா என்று இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

வருடம் போட்டுத் தொடங்கும் வரிக்கு மட்டும் முழுத் தீர்வு இல்லை. காமன்மார்க் அதை இன்னும் பட்டியலாகத்தான் படிக்கிறது, ஆண்டு எண்ணோடு. நான்கு இலக்க எண் வரியின் முதலில் வந்தால் தட்டும் பெட்டியே புள்ளிக்கு முன் அந்தப் பின்சாய்வுக்கோட்டைப் போட்டுக்கொள்கிறது. க்ரூபர் சொன்னபடியே.

போன வாரம் தமிழையா புதிதாக ஐம்பது வினாக்கள் ஏற்றியிருந்தார். திறந்து பார்த்தால் வினா எண்களெல்லாம் தமிழ் எண்களில். ௧. ௨. ௩. என்று ஐம்பது வரை. எனக்குத் திக்கென்றது. வம்புக்கார அறுபதில் இது இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், முன்னோட்டம், போன், அச்சுக்குப் போகும் கோப்பு. மார்க்டவுனுக்குத் தமிழ் எண் தெரியாது. பட்டியல் என்று நினைக்கவே இல்லை. மூன்று இடத்திலும் ஐயா தட்டியது தட்டியபடியே இருந்தது. அறுபத்தொன்றாவது சோதனையாகச் சேர்த்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் சரியா இருக்கு ஐயா. எதுக்குத் திடீர்னு தமிழ் எண்?"

"பசங்களுக்கு ௧-க்கும் க-வுக்கும் வித்தியாசம் தெரியலப்பா. அதான்."